“இது நம்ம ரத்தத்துலயே இருக்கிற குறையா?” – மலையகத் தாய் ஒருவரின் கடிதத்துக்குக் கல்வி ஆலோசகரின் பதில்

நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் தோட்டத்தையும் தவிர்த்துவிட்டு, விடயத்தை மட்டும் சுருக்கித் தருகிறோம்.

கணவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மூத்த மகள் நகரப் பாடசாலையொன்றில் தரம் 11. கடந்த தவணைப் பரீட்சையில் கணிதம் 71, விஞ்ஞானம் 68, ஆங்கிலம் 38. டாக்டராக வேண்டும் என்கிறாள். அந்தப் பாடசாலையில் உயர்தர (தரம் 12, 13) விஞ்ஞானப் பிரிவு இருக்கிறது. ஆனால் இரசாயனவியல் ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், பதிலுக்கு யாரும் வரவில்லை. “கலைப் பிரிவில் சேருங்கள், அதுதான் பாதுகாப்பு” என்கிறார் வகுப்பாசிரியர். “கொழும்புக்கு அனுப்புங்கள், நல்ல பாடசாலையில் சேர்த்துவிடுகிறேன்” என்கிறார் கணவரின் அண்ணன். இளைய மகன் தரம் 4. தமிழ்ப் புத்தகத்தை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். அடுத்த வருடம் வரும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்போதே டியூஷன் அனுப்பச் சொல்கிறார்கள், கையில் காசு இல்லை. கடிதத்தின் கடைசி வரிகள் இவை: “யாழ்ப்பாணத்துப் புள்ளைங்களும் சிங்களப் புள்ளைங்களும் படிச்சு மேல போறாங்க. நம்ம புள்ளைங்க மட்டும் பாதியிலேயே நின்னுடுதுங்க. நமக்குப் படிப்பு ஏறாதுன்னு மாமியார் சொல்றாங்க. இது நம்ம ரத்தத்துலயே இருக்கிற குறையா?”

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது மனதில் கிடந்தால் மற்ற எந்த முடிவையும் நீங்கள் நிதானமாக எடுக்க முடியாது. இல்லை. இது ரத்தத்தில் இருக்கும் குறை இல்லை. ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை, இந்த நாட்டின் கல்வி வரலாறே அப்படித்தான் காட்டுகிறது.

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கியது 1823இல். வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப் பாடசாலை தொடங்கியது 1848இல். உங்கள் முன்னோர்கள் மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மலைக்கு நடந்து வந்துகொண்டிருந்த காலமும் அதுதான். அங்கே பாடசாலை எழும்பியபோது இங்கே கோப்பித் தோட்டம் எழும்பியது. யாழ்ப்பாணத்துக்குள்ளும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கதவு திறக்கவில்லை. சாதியைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள் நெடுங்காலம் பின்னால்தான் இருந்தார்கள். அனுமதி கிடைத்த பிறகு அவர்களிலிருந்தும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் வந்தார்கள். இடையில் ரத்தம் ஒன்றும் மாறவில்லை.

தோட்டங்களில் நடந்தது வேறு. பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தும் பொறுப்பை 1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்ட நிர்வாகத்திடம் கொடுத்தது. அந்தப் பிள்ளைகள் படித்து வெளியேறினால் கொழுந்து பறிக்க ஆள் குறையும் என்பது நிர்வாகத்துக்குத் தெரியும். அதனால் பெரும்பாலான இடங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், சில வகுப்புகள் என்று அது நின்றுவிட்டது. 1945இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்து, கிராமங்களில் மத்திய மகா வித்தியாலயங்கள் எழுந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரின் குடியுரிமையைப் பறித்தது; அதோடு வாக்கும் போனது. வாக்கில்லாத மக்களுக்குப் பாடசாலை கேட்டு எந்த அரசியல்வாதி பேசுவார்? 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. எந்த நாட்டில் வாழப்போகிறோம் என்றே தெரியாத குடும்பங்கள் பிள்ளையின் பத்து வருடப் படிப்பை எப்படித் திட்டமிட்டிருக்கும்?

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில்தான். உங்கள் வயதைப் பார்த்தால், உங்கள் தாயார் தோட்ட நிர்வாகம் நடத்திய பாடசாலைக்குப் போன தலைமுறை. நீங்கள் அரசப் பாடசாலைக்குப் போன முதல் தலைமுறை. உங்கள் மகள் இரண்டாவது. யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளோடு அவளை ஒப்பிடும்போது, ஆறு ஏழு தலைமுறைப் படிப்போடு இரண்டு தலைமுறைப் படிப்பை ஒப்பிடுகிறோம்.

‘சிங்களப் பிள்ளைகள் மேலே போகிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கொஞ்சம் திருத்த வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்தவை என்று 16 மாவட்டங்கள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. நுவரெலியா, பதுளை, முல்லைத்தீவு, மன்னாரோடு மொனராகலையும் அம்பாந்தோட்டையும் அநுராதபுரமும் பொலன்னறுவையும் அதில் இருக்கின்றன. பின்னைய நான்கிலும் பெரும்பான்மையினர் சிங்களவர். ஆசிரியர் வராத இடத்தில், வீட்டில் வருமானம் போதாத இடத்தில், எந்த இனத்துப் பிள்ளையும் பின்தங்கும். மலையகத்தில் இந்தக் குறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, அதுதான் வித்தியாசம்.

அதில் யாரும் அதிகம் பேசாத ஒன்று சாப்பாடு. 2016ஆம் ஆண்டின் தேசிய குடிசன சுகாதார ஆய்வில், வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதும் 17 சதவீதம், தோட்டப் பகுதியில் 32 சதவீதம். மூளை வேகமாக வளர்கிற வயதில் உணவு போதாமல் போனால் பின்னால் கவனமும் ஞாபகமும் பாதிக்கப்படக்கூடும். காலையில் பெரட்டுக்கு (வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு)ப் போய் மாலையில் திரும்பும் தாயால் வீட்டுப்பாடம் பார்க்க முடியாததும், லயத்து (வரிசைக் குடியிருப்பு) அறையில் மேசை போட இடமில்லாததும் இதோடு சேர்கின்றன. தாய்க்கு அக்கறையில்லை என்று பேசுகிறவர்கள் அவருடைய வேலை நேரத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

இன்னொன்று. சமூகத்தின் சராசரி உங்கள் மகளின் பெறுபேற்றைத் தீர்மானிக்காது. 71 என்றால், தரம் 11 முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ‘பி’. 75இல் ‘ஏ’ தொடங்குகிறது. 68உம் ‘பி’தான். ‘படிப்பு ஏறாத’ பிள்ளையின் புள்ளிகளா இவை? அவள் படிப்பு நின்றுவிடக்கூடிய இடம் வேறு: இரசாயனவியல் ஆசிரியர் இல்லாத அந்த வகுப்பறை. இனி அதைப் பற்றிப் பேசுவோம்.

கொழும்புக்கு அனுப்பும் முன்

கணவரின் அண்ணன் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனாலும் இந்த யோசனையில் அவருக்குத் தெரியாத ஓர் ஆபத்து இருக்கிறது.

மருத்துவம், பொறியியல் போன்ற பீடங்களின் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 சதவீதம் மாவட்டங்களுக்கு மக்கள்தொகைப்படி பிரிக்கப்படும். மீதி 5 சதவீதம் மேலே சொன்ன 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கும். நுவரெலியா மாவட்டப் பிள்ளைக்கு இந்த மூன்று வழியும் திறந்திருக்கிறது. கொழும்பு மாவட்டம் அந்த 16இல் இல்லை, அதன் வெட்டுப்புள்ளியும் (அனுமதிக்குத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி) உயர்ந்தது. ஒரே இசட் புள்ளியோடு (உயர்தரப் பெறுபேற்றிலிருந்து கணக்கிடும் அனுமதிப் புள்ளி) நுவரெலியாவிலிருந்து மருத்துவ பீடம் போகும் பிள்ளைக்குக் கொழும்பிலிருந்து இடம் கிடைக்காமல் போகலாம்.

பிள்ளையின் மாவட்டம் எது என்பதைச் சொந்த ஊரை வைத்து முடிவு செய்வதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்பதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். தரம் 12இல் கொழும்புக்குப் போனால் அந்த மூன்றில் பெரும்பகுதி கொழும்புக்குப் போய்விடும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடாவருடம் வெளியிடும் அனுமதிக் கைநூல் தமிழிலும் வருகிறது. அதில் மாவட்டத்தைத் தீர்மானிக்கும் பகுதியை அண்ணனும் நீங்களும் சேர்ந்து வரிக்கு வரி வாசியுங்கள். வாசிக்காமல் விடுகைப் பத்திரம் வாங்காதீர்கள்.

ஒன்றை இங்கே மனம் திறந்து சொல்ல வேண்டும். இந்த ஒதுக்கீடு மாவட்டத்துக்கானது, சமூகத்துக்கானது இல்லை. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியாவின் மக்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மலையகத் தமிழர்கள். ஆனால் அந்த இடங்களுக்கு நகரத்துப் பிள்ளைகளும், குறைந்த வெட்டுப்புள்ளிக்காக வெளி மாவட்டங்களிலிருந்து இங்கே வந்து பதிகிறவர்களும் போட்டியிடுகிறார்கள். வெளியிலிருந்து தேடி வரும் அளவுக்குப் பெறுமதியான ஒன்றை உள்ளே இருக்கும் நாமே கைவிடக் கூடாது.

நல்ல பாடசாலை தேடுவது சரிதான், மாவட்டத்துக்குள்ளேயே தேடுங்கள். உயர்தர விஞ்ஞானம் உள்ளவை 1ஏபி வகைப் பாடசாலைகள். 1சி என்றால் கலையும் வர்த்தகமும்தான். சாதாரண தரப் பெறுபேறு வந்ததும் தரம் 12க்கு விண்ணப்பம் கோரும்போது ஒன்றுக்கு மேற்பட்ட 1ஏபி பாடசாலைகளுக்கு முயலுங்கள். ஒவ்வொன்றிலும் அதிபரிடம் இவற்றைக் கேளுங்கள்: இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் மூன்றுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? கடந்த மூன்று வருடங்களில் விஞ்ஞானப் பிரிவில் எத்தனை பேர் தோற்றினார்கள், அவர்களில் எத்தனை பேர் மூன்று பாடமும் சித்தி? ஆய்வுகூடத்தில் பிள்ளைகள் தாங்களே பரிசோதனை செய்கிறார்களா? ‘நாலு பேர் கம்பஸ் போனார்கள்’ என்ற பெருமைப் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாற்பது பேர் தோற்றி நாலு பேர் போயிருந்தால், மற்ற முப்பத்தாறு பேருக்கு என்ன ஆனது என்பதும் உங்களுக்கு முக்கியம்.

இரசாயனவியலை நான் இவ்வளவு அழுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. இசட் புள்ளி என்பது, ஒவ்வொரு பாடத்திலும் நாடு முழுவதும் தோற்றியவர்களின் சராசரியைவிட உங்கள் பிள்ளை எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறாள் என்பதைக் கணக்கிட்டு, மூன்று பாடத்துக்கும் சராசரி எடுப்பது. இரண்டில் மேலே போய் ஒன்றில் விழுந்தால் அந்த ஒன்று மற்ற இரண்டையும் கீழே இழுத்துவிடும். மூன்றில் ஒன்று சித்தியில்லை என்றால் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் தகுதியே இல்லை.

இருக்கிற பாடசாலையிலேயே படிப்பதானால்

ஆசிரியர் வருவார் என்று காத்திருக்க வேண்டாம், எழுத்தில் கேளுங்கள். முதலில் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பிரச்சினையை எழுப்பி, கூட்டக் குறிப்பில் பதியச் செய்யுங்கள். பெற்றோர் நீங்களும் அதன் அங்கத்தவர்தான். பிறகு பல பெற்றோர் கையெழுத்திட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்குக் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. வலயக் கல்விப் பணிமனையின் தகவல் அதிகாரிக்குத் தமிழிலேயே எழுதலாம், விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. ‘ஏன் ஆசிரியர் இல்லை?’ என்று கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: “இப்பாடசாலைக்கு உயர்தர இரசாயனவியலுக்கு அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் எத்தனை? இன்று கடமையில் எத்தனை பேர்? வலயத்தின் மற்றப் பாடசாலைகளில் அதே பாடத்துக்கு எத்தனை பேர்?” கொடுப்பதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். ஒரு பாடசாலையில் இரண்டு பேர் மேலதிகமாக இருப்பது எழுத்தில் வந்துவிட்டால், இடமாற்றம் கேட்பது வெறும் முறைப்பாடாக இருக்காது. இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற தயக்கம் இருந்தால் சங்கத்தின் பெயரில் அனுப்புங்கள்.

கலைப் பிரிவு பாதுகாப்பா?

வகுப்பாசிரியரைக் குறை சொல்லவில்லை. விஞ்ஞானத்தில் மூன்று பாடமும் சித்தியடையாமல் நின்ற பிள்ளைகளைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார். விருப்பத்தோடு எடுத்தால் கலைப் பிரிவு எந்த வகையிலும் தாழ்ந்ததில்லை. ஆசிரியர் இல்லாத காரணத்துக்காக மட்டும் எடுப்பதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: கலைப் பீட அனுமதி பெரும்பாலும் அகில இலங்கைத் திறமை அடிப்படையில்தான். மாவட்டத்தால் உங்கள் மகளுக்குக் கிடைக்கும் சாதகம் அங்கே ஏறக்குறைய இல்லாமல் போய்விடும்.

விஞ்ஞானத்துக்கும் கலைக்கும் நடுவில் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. 2013இல் தொடங்கியது. பொறியியல் தொழில்நுட்பம் அல்லது உயிர்முறைமைகள் தொழில்நுட்பம், அதோடு தொழில்நுட்பத்துக்கான விஞ்ஞானம், மூன்றாவதாக ஒரு தெரிவுப் பாடம். டாக்டராக முடியாது, ஆனால் பட்டப்படிப்புக்கு வழி உண்டு. அருகில் அந்தப் பிரிவு நன்றாக நடந்தால் இரண்டாவது தெரிவாக வையுங்கள். ஆசிரியத் தொழிலில் விருப்பம் வந்தால், உயர்தரப் பெறுபேற்றோடு கொட்டகலை – பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கலாம். அது மூன்று வருடப் பயிற்சி, கடைசி வருடம் பாடசாலையில் படிப்பித்தே பெறும் பயிற்சி (கட்டுறுப் பயிலல்).

சிங்கள மொழிமூலத்துக்கு மாற்றலாமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். இந்தக் கட்டத்தில் வேண்டாம். இசட் புள்ளியில் மொழிமூலம் பார்ப்பதில்லை. மருத்துவ, பொறியியல் பீடங்களில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில்தான் விரிவுரை. அவளுடைய பலவீனம் அந்த 38தான். உயர்தரம் நுழைய ஆங்கிலச் சித்தி கட்டாயமில்லை என்பதால் எல்லோரும் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிறகு பீடத்தின் முதல் வருடத்தில்தான் அது பெரிய கஷ்டமாக வந்து நிற்கும்.

பெயரும் விலாசமும்

சிறிய விடயம் போலத் தெரியும், ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இதில்தான் அநியாயமாக இழக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலைப் பதிவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். சிங்களத்தில் பதிவான பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள். வித்தியாசம் இருந்தால் இப்போதே பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் விசாரியுங்கள். பெறுபேறு வந்த பிறகு ஓடித் திரிய நேரம் போதாது. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து தேங்குவது வழக்கமானால், விண்ணப்பங்களில் நேரடியாகக் கடிதம் கிடைக்கக்கூடிய இன்னொரு விலாசத்தையும், கையில் எப்போதும் இருக்கும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுங்கள்.

மகனுக்கு

டியூஷன் காசுக்காகக் கடன் வாங்காதீர்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்குப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களால் பயனில்லை. வினாவை வாசித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடும். தரம் 3 தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பத்துச் சொல்லில் இரண்டுக்கு மேல் தடுக்கினால் அங்கிருந்தே தொடங்க வேண்டும். தடுக்கவில்லை என்றால் தரம் 4 புத்தகத்திலிருந்து. தினமும் இருபது நிமிடம் போதும்: அக்கா ஒரு பந்தியை உரக்க வாசிக்க வேண்டும், அவன் விரல் வைத்துக்கொண்டு கூடவே வாசிக்க வேண்டும், பிறகு தனியாக வாசித்து என்ன விளங்கியது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். விளங்காமல் ஒப்பிக்கும் பிள்ளைகள் தரம் 6க்குப் போனதும் எல்லாப் பாடத்திலும் தடுமாறுகிறார்கள்.

தரம் 4 என்பதால் இந்த வருடம் பாடசாலை வைத்தியப் பரிசோதனை அவனுக்கு வரும். தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு அது நடக்கும். அன்று கட்டாயம் அனுப்புங்கள். கண் பார்வை, காது, இரத்தசோகை மூன்றையும் பார்க்கச் சொல்லி வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையை ‘மக்கு’ என்று முத்திரை குத்திவிடுவது நம்மிடம் அடிக்கடி நடக்கிறது.

புலமைப்பரிசில் கிடைத்தால் உதவிப்பணமும் வேறு பாடசாலைக்கு ஒரு வாய்ப்பும் வரும். கிடைக்காவிட்டால் தரம் 6 வழக்கம்போலத் தொடரும். எந்தக் கதவும் மூடாது. 16 வயது வரை பாடசாலை கட்டாயம் என்பது 2016இலிருந்து சட்டம். தரம் 9 முடித்ததும் ‘கடை வேலைக்கு அனுப்பு’ என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இப்போதைக்கு மகள் செய்ய வேண்டியது இது. சாதாரண தரத்துக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கணிதத்தில் முதலாம் வினாத்தாளில் எவ்வளவு எடுத்தாள், இரண்டாவதில் எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். 71 எடுக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் முதலாம் வினாத்தாளின் சிறு வினாக்களில்தான் கவனக்குறைவால் புள்ளியை விடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்து, பிழைத்த கணக்குகளை மட்டும் தனிக் கொப்பியில் திரும்ப எழுதட்டும். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரை உள்ள மாதங்களில் பெரும்பாலான பிள்ளைகள் உயர்தர டியூஷனுக்கு ஓடுவார்கள். அவள் அந்த நேரத்தில் பாதியை ஆங்கிலத்துக்குக் கொடுக்கட்டும். மீதியில், ஹட்டன் பக்கம் வார இறுதி இரசாயனவியல் வகுப்பு ஒன்றுக்கு ஒரு மாதம் மட்டும் போய்ப் பார்க்கட்டும். அந்தப் பாடம் பிடிக்கிறதா என்பதை அவளே கண்டுகொள்வாள். எந்தப் பிரிவு என்ற முடிவை அதற்குப் பிறகு, அவளையும் பக்கத்தில் உட்காரவைத்து எடுங்கள்.